கிராபிக்ஸ் கார்டு மாற்றிய பிறகு கேம் கிராஷ்: எஸ்.எம்.பி.எஸ். வரை போன கதை

ஜிடிஎக்ஸ் 1650-ஐக் கழற்றிவிட்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3070-ஐப் போட்டேன். பிரவுசர், வீடியோ எல்லாம் சுத்தமாக ஓடின. கேம் திறந்தால் மட்டும் தகராறு. அதுவும் ஒரே மாதிரி இல்லை. சில நேரம் படம் உறைந்து கேம் மட்டும் மூடிக்கொள்ளும், டெஸ்க்டாப் அப்படியே இருக்கும். சில நேரம் திரை கறுத்து மொத்த மெஷினும் ரீஸ்டார்ட் ஆகும். கடைக்காரர் கொடுத்த டெஸ்டிங் வாரண்டி முடிவதற்குள் கார்டு நல்லதா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும்.

இந்த இரண்டையும் தனித்தனி நோயாகப் பார்த்ததுதான் கைகொடுத்தது. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில், கேம் மட்டும் விழுந்த நேரங்களில் 4101 என்ற எண் இருந்தது. கார்டு 2 வினாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) நிறுத்தி மறுபடி எழுப்பும். அதற்கான பதிவு அது. மெஷினே விழுந்தபோது கெர்னல் பவர் 41. இதைப் பார்த்ததுமே "எஸ்.எம்.பி.எஸ். போச்சு" என்பார்கள், அதாவது மெஷினுக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. முறையாக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்பதைத் தவிர 41 வேறெதையும் சொல்வதில்லை.

முதலில் டிரைவர். பழைய கார்டும் என்விடியா, புதியதும் என்விடியா என்பதால் பழைய டிரைவரே ஓடிக்கொண்டிருந்தது. புது டிரைவரை முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொண்டு, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் மூலம் எல்லாவற்றையும் துடைத்தேன். நெட் இருந்தால் நாம் போடுவதற்கு முன்பே விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்கு ஒரு டிரைவரை இறக்கிவிடும். புதிதாகப் போட்ட பின் 4101 வரவே இல்லை. ரீஸ்டார்ட் மட்டும் தொடர்ந்தது.

சூடு காரணமில்லை, விழும்போதுகூட கார்டு எழுபது டிகிரியைச் சுற்றித்தான் இருந்தது. ரேமை கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-ஐ அணைத்து, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனையை ஓடவிட்டதில் ரேமிலும் குறை இல்லை.

அப்போது ஒன்று கண்ணில் பட்டது. சண்டைக் காட்சியில் விழாத கேம், மெனுவில் விழுந்தது. மெனுவில் கார்டுக்குப் பெரிய வேலை இல்லை, ஆனால் கட்டுப்பாடு இல்லாததால் ஃபிரேம் எண்ணிக்கை பல நூறுக்கு எகிறுகிறது. கார்டின் அமைப்புகளை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை, 70 சதவீதமாகக் குறைத்தேன். மணிக்கணக்கில் விளையாடியும் ஒன்றும் ஆகவில்லை. திரும்ப 100-க்கு ஏற்றியதும், அதே மெனுவில், பொத்தென்று கறுப்பு.

காகிதக் கணக்கில் என் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். போதும். கார்டுக்கு 220 வாட், ரைசன் 5 3600 உச்சத்தில் 88, மற்றதெல்லாம் சேர்த்து ஓர் ஐம்பது. ஆனால் 220 என்பது சராசரி. மில்லி வினாடிக் கணக்கில் அதைவிட வெகு மேலே துள்ளும். அந்தத் துள்ளலைப் பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்காவிட்டால் மெஷின் விழும். 1650 வெறும் 75 வாட், மதர்போர்டு ஸ்லாட்டே அதைக் கொடுத்துவிடும் என்பதால் அதுவரை இந்தச் சிக்கல் தலைகாட்டவில்லை.

3070-இல் இரண்டு 8 பின் சாக்கெட். இரண்டுக்கும் போனது நுனியில் இரண்டாகப் பிரியும் ஒரே கேபிள். எஸ்.எம்.பி.எஸ்-இலிருந்து இன்னொரு கேபிளைத் தனியாக இழுத்து மாட்டியதும் கிராஷ் குறைந்தது, நிற்கவில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்.எம்.பி.எஸ். என்றால் வேறொன்றின் கேபிளை எடுத்து மாட்டவே மாட்டாதீர்கள். கார்டு பக்கம் ஒரே மாதிரி இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் பின் வரிசை மாறும். பார்ட் எரிந்துவிடும்.

பவர் லிமிட்டைக் குறைத்தால் பழுதான கார்டுகூட அடங்கி ஓடலாம். அதனால் அந்தச் சோதனையை மட்டும் நம்பிக் காசைப் போட மனமில்லை. நண்பனின் 650 வாட் எஸ்.எம்.பி.எஸ்-ஐ அதன் கேபிள்களோடு வாங்கி வந்து, கேபினட்டுக்கு வெளியே வைத்தே மாட்டினேன். பவர் லிமிட் 100, ஃபிரேம் கட்டுப்பாடு இல்லை, அதே மெனுவில் வெகுநேரம் விட்டேன். அசையவில்லை. கார்டு நல்ல கார்டுதான் என்று அன்றைக்குத்தான் நிம்மதி வந்தது. மறுநாளே 650 வாட்டில் ஒன்று வாங்கிவிட்டேன். 3070-க்கு என்விடியா பரிந்துரைப்பதும் அதே அளவுதான்.

அப்புறம் யுபிஎஸ். நம் வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் நடுவே கரண்ட் போனதும் என்னுடையது ஒரு நொடிகூடத் தாங்காமல் கத்திக்கொண்டே அணைந்தது. இப்போது 1100 விஏ போட்டிருக்கிறேன். கேமை சேவ் செய்து மூட நேரம் கிடைக்கிறது.