இடது பக்க டிம் லைட்

நவம்பர் 5, 2025, புதன்

ஆபீஸ் விட்டு வரும்போது மதுரவாயல் பக்கம் செம மழை. இடது ஹெட்லைட்டில் டிம் எரியவில்லை. பிரைட் போட்டால் இரண்டு பக்கமும் எரிகிறது. எச்4 பல்புக்குள் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு இழை, அதனால் ஒன்று போனாலும் இன்னொன்று எரியும். ஆனால் செப்டம்பரில்தான் ஒர்க்‌ஷாப்பில் புது பல்பு போட்டார்கள். இவ்வளவு சீக்கிரமா போகும்?

நவம்பர் 8, சனி

பானெட்டைத் திறந்து ரப்பர் மூடியை உரித்ததுமே கருகல் வாடை. பல்பின் பின்களில் ஒயர்களைச் சொருகும் கப்ளர் (ஹோல்டர்) பல்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஆட்டி ஆட்டித்தான் கழற்றினேன். மூன்று ஓட்டையில் டிம்முக்கான ஓட்டையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறது. உள்ளே பித்தளை டெர்மினல் நிறம் மாறி, பின்னைக் கவ்வ வேண்டிய வாய் விரிந்து கிடக்கிறது. அதில் சேரும் ஒயர் விறைத்துப்போய், வளைத்தால் மேலுறை நொறுங்குகிறது. பல்பைத் தனியே பேட்டரியில் கொடுத்தால் இரண்டு இழையும் எரிகின்றன!

பல்பின் அடியில் 100/90 என்று போட்டிருக்கிறது, அதாவது பிரைட் 100 வாட், டிம் 90. வண்டிக்கு உரியது 60/55. டிம்மில் 55 வாட்டுக்கு நாலரை ஆம்பியர் போதும், 90 வாட்டுக்கு ஏழரை வேண்டும். மின்னோட்டம் கூடினால் சூடு அதன் வர்க்கமாகக் கூடும், அதாவது இரண்டரை மடங்குக்கு மேல். பல்பைப் போட்டவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஃபியூஸ் ஏன் போகலை?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஷார்ட் ஆகியோ வேறு எப்படியோ மின்னோட்டம் அளவு மீறினால்தான் ஃபியூஸ் போகும். லூஸ் காண்டாக்டில் தடை கூடி, மின்னோட்டம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஃபியூஸுக்கு எதுவுமே தெரியாது. 55 வாட் பல்பாகவே இருந்தாலும் அந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தால் ஏழெட்டு வாட் சூடு, அதுவும் விரல் நகம் அளவு தகட்டில்.

மத்தியானம் வண்டி பாகங்கள் விற்கும் ஜி.பி. ரோடு போனேன். "பீங்கான் ஹோல்டர் வாங்கிக்கங்க சார், உருகவே உருகாது" என்றார் கடைக்காரர். பீங்கான் உருகாதுதான். ஆனால் டெர்மினல் லூஸாக இருந்தால் அடுத்து ஒயர் கருகும். கையோடு கொண்டுபோன பல்பைச் சொருகிப் பார்த்து, இறுக்கமாகக் கவ்வியதும் தடித்த ஒயர் உள்ளதுமான பீங்கானையே வாங்கினேன். கூடவே 60/55 பல்பு. பழைய பல்பின் கருகிய பின்னைச் சுரண்டிப் போட்டால் புது டெர்மினலும் கெடும்.

நவம்பர் 9, ஞாயிறு

பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். எந்த ஒயர் எந்த ஓட்டைக்கு என்று போட்டோ எடுத்த பிறகே வெட்டினேன். செம்பு கறுப்பாகவே வந்தது, பளபளப்பு தெரியும் வரை பின்னால் வெட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. சால்டரிங் செய்யவில்லை. ஈயம் ஏறிய இடத்தில் ஒயர் விறைத்து, வண்டி அதிர்வில் அதன் ஓரத்திலேயே ஒடியும். ஒயர்களை உலோகக் குழலில் வைத்து நசுக்கிச் சேர்க்கும் நல்ல கிரிம்ப், மேலே சூடு காட்டினால் சுருங்கும், பசை உள்ள ஸ்லீவ். மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் புடைக்காமல் முன்னே பின்னே வைத்தேன். டேப் மட்டும் சுற்றினால் எஞ்சின் சூட்டில் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும்.

எஞ்சினை ஓடவிட்டு, டிம் போட்டு அளந்தேன். பேட்டரியில் 14.1 வோல்ட், இடது பல்பில் 13.5, வலதில் 12.6. அந்த வித்தியாசத்துக்கே வலது பக்க வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

நவம்பர் 15, சனி

வலது கப்ளரையும் கழற்றினேன். பிளாஸ்டிக்கில் இலேசான பழுப்புதான், ஆனால் டெர்மினல் தளர்ந்திருக்கிறது. அங்கேயும் 100/90 தான். கப்ளர், பல்பு இரண்டையும் மாற்றியாயிற்று. இப்போது வலது பல்பில் 13.4 வோல்ட். பேட்டரியிலிருந்து நேராக ஹெட்லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே செட் போடச் சொல்கிறார்கள். 60/55-க்கு இந்த வோல்ட் இழப்பே பரவாயில்லை, போடப்போவதில்லை.