நாலு பெட்டித் தளபதி

ஜூன் 2

மேசையில் குட்டிப் போர்வீரர் பொம்மைகளை வைத்து ஆடுகிற போர் ஆட்டம் என் பொழுதுபோக்கு. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு தளபதி வேண்டும். என் படையில் இருக்கிற இருபது பேரும் ஒரே அச்சில் பிறந்தவர்கள். எல்லாரும் ஒரே மாதிரி முட்டியை மடித்து, ஒரே மாதிரி துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தலைவனும் அப்படியே நின்றால், மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு அவனை எப்படி அடையாளம் தெரியும்? புதிதாக ஒரு பொம்மை வாங்கலாம்தான். ஆனால் மிச்ச உறுப்புகள் போட்டு வைத்த டப்பா மூட முடியாமல் நிறைந்து கிடக்கிறது.

கொட்டிப் பார்த்தேன். பாறை மேல் ஒரு காலை ஊன்றிய இடுப்பு ஒரு கிட்டிலிருந்து (உறுப்பு உறுப்பாக வரும் பொம்மைப் பெட்டி), நீளக் கோட்டு போட்ட உடம்பு இன்னொன்றிலிருந்து. சுட்டிக்காட்டும் இடது கை, ஒரு டாங்கிப் பெட்டியின் மிச்சம். தலைக்கு, கன்வெர்ஷனுக்கென்றே, அதாவது இப்படி பொம்மையை மாற்றிச் செய்வதற்கென்றே, விற்கும் ரெசின் (அச்சில் வார்க்கும் பிசின்) தலைகள் ஒரு பொட்டலம் இருக்கிறது. சுவரில் போஸ்டர் ஒட்டும் ப்ளூ டாக்கை வைத்து எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தேன். தள்ளாடுகிறான், ஆனாலும் ஆள் தெரிகிறான்.

ஜூன் 3

ரெசின் தலைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் பெயின்ட் பிடிக்காது. கழுத்தை உப்புத்தாளில் தேய்க்கும்போதும் தண்ணீர் தொட்டுத் தொட்டுத்தான் தேய்த்தேன். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இவ்வளவு செய்து உடம்பில் வைத்தால், பூசணிக்காய் மேல் எலுமிச்சம்பழம்! இரண்டுமே 28 மி.மீ. பொம்மைக்கானவை என்றுதான் பெட்டியில் போட்டிருக்கிறது. ஆனால் என் உடம்பு, தலையையும் கையையும் வேண்டுமென்றே பெரிதாக்கிச் செய்கிற 'ஹீரோயிக்' வகை. ரெசின் தலையோ நிஜ மனித அளவுப்படி செய்தது. உயரத்தை மட்டும் பார்த்து வாங்கியது என் தப்பு. கடைசியில் பழைய பெட்டி ஒன்றிலிருந்து தொப்பி வைத்த பிளாஸ்டிக் தலை கிடைத்தது. அதுதான் நாலாவது பெட்டி.

ஜூன் 5

ஒட்டியாயிற்று. பிளாஸ்டிக் பசை வெறுமனே ஒட்டுவதில்லை. இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது, காய்ந்த பிறகு பிரிக்க வேண்டுமென்றால் ரம்பம்தான். இதை இன்று எழுதி வைப்பது நல்லது என்று தோன்றுகிறது.

பிளேடு மழுங்கியிருந்தது தெரிந்தும் மாற்றவில்லை. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் விழுந்திருந்த கோட்டைச் சீவும்போது, அழுத்திய அழுத்தில் வழுக்கி, தளபதியின் மேலங்கிப் பித்தானையும் சேர்த்துச் சீவிவிட்டது. என் கட்டைவிரலிலும் ஒரு கீறல்.

ஜூன் 6

வலது கையைக் காந்தத்தில் மாட்ட நினைத்தேன். பொம்மையின் கையில் எது தெரிகிறதோ அதுதான் ஆட்டத்திலும் ஆயுதம் என்பது எங்கள் மேசை வழக்கம். காந்தம் இருந்தால் ஒருநாள் வாள், ஒருநாள் பிஸ்டல். 3 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனமுள்ள காந்தங்கள். தோளில் ஒன்று, இரண்டு கைகளிலும் ஒவ்வொன்று, எல்லாம் சூப்பர் க்ளூவில்.

பிஸ்டல் கை 'டக்' என்று போய் உட்கார்ந்தது. வாள் கையோ கிட்டே கொண்டுபோனாலே திமிறித் திரும்பிக்கொண்டது. துருவம் மாறிப்போச்சு. காந்தங்கள் அடுக்காக இருக்கும்போதே ஒவ்வொன்றின் மேல்பக்கமும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்திருந்தால் இந்தக் கூத்து வந்திருக்காது. தோண்டி எடுத்ததில் துளை பெரிதாகிவிட்டது. ஸ்ப்ரூத் துண்டுகளை (உறுப்புகள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) பிளாஸ்டிக் பசையில் ஊறவைத்துக் கூழாக்கி அடைத்தேன். காய ஒரு ராத்திரி.

ஜூன் 9

கிரீன் ஸ்டஃப் நாள். இரண்டு பாகத்தைப் பிசைந்தால் மெல்ல இறுகுகிற, உருவம் செய்யும் மாவு அது. இதற்காகத்தான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

நீலமும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய நாடாவாக வருகிறது. நடுவில் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கிற கோடு முன்பே இறுகியிருக்கும், அதை வெட்டி எறியாவிட்டால் பிசையும்போது மணல்போல நெருடும். சமபாகம் எடுத்துப் பச்சையாகும்வரை பிசைந்தேன். மஞ்சள் கூடினால் இளகும், ஒட்டும். நீலம் கூடினால் விறைப்பு. தளபதியின் நீள மேலங்கியின் ஓரத்தை நீட்டிக் காற்றில் பறப்பதுபோலச் செய்ய வேண்டும். முதல் தடவை எல்லாம் கருவியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முனையை ஈரமாக்கிக்கொண்டு, பிசைந்ததை அரைமணி நேரம் ஆறவிட்டுத் தொட்டபோதுதான் சொன்னபடி கேட்டது. மடிப்புகளை மேலிருந்து கீழாக இழுத்தால் துணி, குறுக்கே இழுத்தால் களிமண். இது கை கண்டுபிடித்தது, ஏன் என்று விளக்கத் தெரியவில்லை. சீவிய பித்தானுக்கும் ஓர் உருண்டை வைத்தாயிற்று.

ஜூன் 10

தம்பி வந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணா, இவன் எதைப் பார்த்துட்டு இருக்கான்?"

எதையும் பார்க்கவில்லை. கை இடப்பக்கம் காட்டுகிறது, முகம் நேரே வெறிக்கிறது. பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி. எட்டு நாளாகக் கையில் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லையே!

ரம்பம். கழுத்தை அறுத்தேன். விரல் எதிரியைக் காட்டட்டும், முகம் வலது தோளுக்கு மேல் தன் ஆட்களைத் திரும்பிப் பார்க்கட்டும். இவ்வளவு சின்ன இடத்தில் வெறும் பசை நிற்காது என்று அரை மி.மீ. கம்பி ஒன்றை உள்ளே செருகினேன். ரம்பம் தின்ற இடைவெளிக்குப் பச்சையில் ஒரு கழுத்துத்துணி.

ஜூன் 13

சாம்பல் பிரைமர் அடித்தேன். நாலு பெட்டி, மூன்று நிறம், பச்சைத் திட்டுகள் எல்லாம் போய் ஒரே ஆள் ஆகிவிட்டான். தம்பி பார்த்துவிட்டு, "யாரை இப்படித் திட்டுறான்?" என்றான். அந்த இருபது பேரைத்தான்.

பிரைமர் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. இடது தோளில் மயிரிழை விரிசல். மில்லிபுட் என்கிற இன்னொரு வகை அடைப்பு மாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, ஈரத் தூரிகையால் ஓரத்தை இழுத்துவிட்டேன். நாளை காய்ந்ததும் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர்.