பேசியவர்கள் பட்டியல்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருந்த முதல் வருடம். நான் எப்போது வெளியே போய்த் திரும்பினாலும் கரும்பலகையின் வலது ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒருமுறை பேசினால் பெயர், மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. லீடர் பெண் மிக நேர்மையாக எழுதுவாள். ஒரு பையனின் பெயரை மட்டும் அவள் அழிப்பதே இல்லை. எப்படியும் நாளைக்கும் எழுதத்தானே வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். திட்டுவேன், எழுந்து நிற்கச் சொல்வேன், வாசலில் நிறுத்துவேன். அடித்ததில்லை, அதனால் சரியாகத்தான் நடக்கிறேன் என்று நம்பினேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆவது பிரிவைப் படித்தபோது, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்று இருந்தது. அழிக்கப்படாத அந்தப் பெயர்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாளே பட்டியலை மாற்றினேன். ‘நன்றாக நடந்துகொண்டவர்கள்’. ஒரே வாரத்தில் அதே ஆறு பெயர்கள், எல்லோரும் முதல் பெஞ்ச். “அதுல நம்ம பேரெல்லாம் வராதுடா” என்று அவன் பக்கத்துப் பையனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதையும் அழித்தேன்.

அமெரிக்காவில் மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற மூவர் 1968இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பிறகு படித்தேன். விதிகளைச் சொன்னதால் மட்டும் வகுப்பில் பெரிதாக எதுவும் மாறவில்லை. சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டு, நல்லதைக் கண்டதும் பாராட்டியபோதுதான் தொந்தரவு குறைந்தது. கண்டதும் என்பதுதான் எனக்கு உறைத்தது. அவனிடம் நல்லது எதையும் நான் கண்டதே இல்லையே! தேடியிருந்தால்தானே?

பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள். அவனுக்கு விடை தெரிந்துவிட்டது. வலது கையைத் தூக்கி, இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பாதி எழுந்து நின்றான். பழைய நானாக இருந்தால் “உட்காருடா” என்றிருப்பேன். அருகில் போய்க் குனிந்து, “கத்தாம கையைத் தூக்கிக் காத்திருந்தே. பார்த்தேன்” என்றேன். அவன் சிரிக்கவில்லை. கிண்டல் செய்கிறேனா என்று என் முகத்தையே பார்த்தான். அப்புறம் உட்கார்ந்தான். அந்தப் பீரியட் முடியும்வரை எழவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒருமுறை எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் “டீச்சர் செல்லம்” என்று பையன்கள் கேலி செய்து, அது சண்டையில் முடிந்தது. அந்த வயதில் சிலருக்குச் சபை நடுவே கிடைக்கும் பாராட்டு பெரிய சங்கடம். அதன்பிறகு அவனுக்கு எதுவானாலும் பெஞ்சருகே, மெதுவாகத்தான். ‘வெரி குட்’டையும் குறைத்துக்கொண்டேன். என்ன செய்தான் என்பதைச் சொன்னால் போதும். எதை மறுபடி செய்வது என்று அவனுக்கே தெரிந்துவிடுகிறது.

டிசம்பரில் அவன் அம்மாவை வரச் சொன்னேன். பனியன் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்தார், தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“என்னங்க டீச்சர், இன்னிக்கு என்னங்க பண்ணிட்டான்?”

புதிதாகச் சேர்ந்த பையனுக்கு விடுபட்ட பாடங்களை மூன்று நாளாக அவனே உட்கார்ந்து எழுத உதவியதைச் சொன்னேன்.

“இதுக்குங்களா கூப்பிட்டீங்க?”

“ஆமாம்மா. இதுக்குத்தான்.”

அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து யாருக்கோ அழைத்து, என் கையில் கொடுத்தார்.

“அவங்கப்பாதானுங்க. அவருகிட்டயும் ஒருக்கா சொல்லிருங்க.”