பவளப்பாறைக்குச் சத்தம் உண்டு

நேற்று இரவு தூக்கம் வராமல் ஹெட்போனில் ஒரு பவளப்பாறையின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காய்ந்த சுள்ளிகள் படபடவென எரிவது மாதிரி இடைவிடாத சத்தம். எல்லாம் விரல் நீள இறால்களின் வேலை. இறால் தன் ஒரு கொடுக்கை மூடும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உருவாகிறது. அந்தக் குமிழி உடையும் சத்தம்தான் நமக்குக் கேட்கிறது. (கொடுக்கு மோதும் சத்தம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.)

பாறை செத்துப்போனால் இந்த இரைச்சலும் அடங்கிவிடும். குஞ்சு மீன்கள் சத்தத்தை வைத்துத்தான் வீடு தேடும். அமைதியான பாறைப் பக்கம் அவை வருவது குறைவு.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சிதைந்த பவளத் துண்டுகளுக்கு நடுவே ஸ்பீக்கர் வைத்து, ஆரோக்கியமான பாறையின் சத்தத்தை 40 நாள் ஓடவிட்டார்கள். வந்து சேர்ந்த மீன்கள் ஸ்பீக்கர் இல்லாத இடத்தைவிட இரண்டு மடங்கு! 2019இல் வெளியான ஆய்வு இது.

சரி, ஸ்பீக்கர் வைத்தால் பவளம் பிழைத்துவிடுமா? அதுதான் இல்லை. கடல்நீரின் சூடு கோடையின் வழக்கமான உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி, சில வாரம் அப்படியே நின்றாலே போதும், தனக்குச் சோறு போடும் பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. உலகளாவிய நான்காவது வெளுப்பு என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அந்தச் சூட்டை எந்த ஸ்பீக்கர் தணிக்கும்?

ஒலிப்பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்த மனசு வரவில்லை.