8 மெகாபிட்டுக்குள் ஒரு அருவி

கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்த அருவிக் காட்சி, ஒருவழியாக நொடிக்கு 8 மெகாபிட் என்ற பிட்ரேட்டுக்குள் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் தரவின் அளவு) அடங்கி, பழைய மீடியா பிளேயரிலும் திக்காமல் ஓடுகிறது. மூலக் காட்சி 1080பி (1920 × 1080 பிக்சல்), நொடிக்கு 60 ஃபிரேம். முடிவில் நிலைத்தது 720பி (1280 × 720 பிக்சல்), அதே 60 ஃபிரேம். ரெசல்யூஷனைக் குறைத்தேன் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு என்பதால், கணக்கைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் திக்கலைப் பற்றி. அந்த பிளேயர் எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையின் ஹை புரொஃபைல் வகையில் லெவல் 4.1 (கோப்பைத் திறக்கும் வேலைக்கான உச்சவரம்பு) வரை மட்டுமே திறக்கும். படம் திக்கினால் உடனே பிட்ரேட்டைக் குறைப்பது பலரது வழக்கம். இங்கே அதனால் ஒரு பயனும் இல்லை, ஏனெனில் அந்த லெவல் நொடிக்கு 62.5 மெகாபிட் வரை அனுமதிக்கிறது. உண்மையான வரம்பு மேக்ரோபிளாக்கின் (16 × 16 பிக்சல் கட்டம்) எண்ணிக்கையில் இருக்கிறது: நொடிக்கு 2,45,760. 1080 என்பது 16-ஆல் மீதியின்றி வகுபடாததால் கோடெக் (வீடியோவைச் சுருக்கி எழுதும் நிரல்) 1088 வரிகளாகவே எழுதுகிறது. ஆக ஒரு ஃபிரேமுக்கு 120 × 68, அதாவது 8,160 மேக்ரோபிளாக். 30 ஃபிரேமுக்கு அது 2,44,800 ஆகி, வரம்புக்குள் மயிரிழையில் நுழைந்துவிடுகிறது. 60 ஃபிரேமுக்கு 4,89,600, கிட்டத்தட்ட இரட்டிப்பு. கட்டளையில் லெவல் 4.1 என்று குறிப்பிட்டாலும் எக்ஸ்264 (எச்.264 கோப்பை எழுதும் மென்பொருள்) இந்த எண்ணையும் வரம்பையும் காட்டி எச்சரித்துவிட்டு, கோப்பைத் தொடர்ந்து எழுதிவிடும். லெவல் என்பது கோப்பின் மேல் ஒட்டும் சீட்டு மட்டுமே. அதை மாற்றுவதால் உள்ளே இருக்கும் வேலை குறையாது.

ஆகவே எஞ்சிய வழிகள் இரண்டு: 1080பி-யில் 30 ஃபிரேம், அல்லது 720பி-யில் 60 ஃபிரேம். பின்னதற்கு 80 × 45 என்ற கணக்கில் நொடிக்கு 2,16,000 மேக்ரோபிளாக்தான்.

பிட்ரேட்டை அகலம், உயரம், ஃபிரேம் ரேட் ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட் கிடைக்கிறது என்பது தெரியும். 8 மெகாபிட்டில் 1080பி 60 ஃபிரேமுக்கு 0.064, 1080பி 30 ஃபிரேமுக்கு 0.129, 720பி 60 ஃபிரேமுக்கு 0.145. சுருக்காத 8-பிட் 4:2:0 படத்தில் (ஒவ்வொரு மதிப்புக்கும் 8 பிட், நிற விவரம் கால் பங்கு பிக்சலுக்கு மட்டும்) ஒரு பிக்சலுக்கு 12 பிட் என்பதை நினைத்துக்கொண்டால், கோடெக்கிடம் எவ்வளவு கேட்கிறோம் என்பது விளங்கும். பின்னிரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், காகிதக் கணக்கு மட்டும் இதைத் தீர்க்காது. காட்சியில் என்ன இருக்கிறது என்பதே தீர்க்கும்.

அசையாத பின்னணியில் ஒருவர் பேசும் காட்சியில் ஃபிரேமை இரட்டிப்பாக்கினாலும், அதே தரத்துக்குத் தேவைப்படும் பிட் இரட்டிப்பாவதில்லை. அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், முன்னதிலிருந்து பின்னதை ஊகிப்பது மலிவாக முடிந்துவிடும். அருவி அப்படியல்ல. வேகமான ஷட்டரில் எடுத்ததால் ஒவ்வொரு துளியும் மங்கலின்றி உறைந்து நிற்கிறது. அடுத்த ஃபிரேமில் அது உருமாறியிருக்கிறது, பிரிந்திருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. ஊகத்துக்குப் பிடி கிடைக்காத இடத்தில் கோடெக் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. 30 ஃபிரேமுக்கு இறக்கினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பங்கு கூடுகிறது என்பது சரிதான். ஆனால் இடைவெளியும் இரட்டிப்பாவதால் ஊகம் இன்னும் மோசமாகிறது. கண்ணுக்கும் துளிகள் விழுவதாகத் தெரியாமல், இடம்விட்டு இடம் தாவுவதாகத் தெரிகிறது. 720பி-யில் துளியின் ஓரக் கூர்மை சற்றே குறைந்தாலும் நீர் விழுகிறது. எனக்கு இதில் இரண்டாம் கருத்தே இல்லை.

அதிகம் மல்லுக்கட்டியது சென்சார் இரைச்சலோடுதான். பாறையின் நிழற்பகுதியில் மினுமினுக்கும் அந்தப் பொடி இரைச்சல் எந்த ஃபிரேமிலிருந்தும் ஊகிக்க முடியாதது. பிட்களை விழுங்கியும் கண்ணுக்கு எதையும் தராதது. ஆனால் ஃபிரேம்களை ஒப்பிட்டு இரைச்சலை நீக்கும் வடிப்பானுக்குத் துளியும் இரைச்சலாகவே தெரிகிறது: சாரல் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வழவழத்துப் போனது. அதனால் அந்த வடிப்பானை நிழற்பகுதிக்கு மட்டும் முகமூடி போட்டுச் செலுத்தினேன். சாரலை அப்படியே விட்டேன். 1080-இலிருந்து 720-க்கு இறக்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் கலப்பதால் அங்கும் இரைச்சல் ஓரளவு தானாக அடங்குகிறது. முகமூடியின் ஓரத்தை மென்மையாக்காவிட்டால் பாறை விளிம்பில் ஒரு கோடு ஊர்வது தெரியும்; இந்த ஓர அகலத்தைச் சரிசெய்வதில்தான் நேரமெல்லாம் போயிற்று, பலனும் அதற்கேற்ற அளவு இருந்தது.

கீஃபிரேம் (வேறு ஃபிரேமைச் சாராமல் முழுதாக எழுதப்படும் ஃபிரேம்) இடைவெளியையும் கவனிக்க வேண்டும். எக்ஸ்264-இன் இயல்பு உச்சம் 250 ஃபிரேம். 30 ஃபிரேமில் அது எட்டு நொடிக்கு மேல், 60 ஃபிரேமில் நான்கு நொடிதான். ஃபிரேம் ரேட்டை மாற்றும்போது இதையும் நொடிக்கணக்கில் யோசித்து மாற்றாவிட்டால், விலையுயர்ந்த கீஃபிரேம்கள் இரு மடங்கு அடிக்கடி வந்து நம் பங்கைத் தின்றுவிடும்.

  

ஒலியை இன்னும் சேர்க்கவில்லை. அதற்குள் மனம் மாலை வெளிச்சத்தில் எடுத்த பகுதிக்குப் போய்விட்டது: அங்கே வானத்தின் நிறமாற்றத்தில் 8-பிட் பட்டை பட்டையாகத் தெரிகிறது, எச்.264-க்கு அடுத்து வந்த எச்.265-இல், நிறப்படிகள் கூடுதலாக உள்ள 10-பிட்டில் முயல வேண்டும். இந்த பிளேயர் அதைத் திறக்காது என்பதால் அந்தப் பகுதிக்கு இரண்டு பிரதிகள் தேவைப்படும். 8-பிட் பிரதியில் பட்டையை மறைக்க டிதர் (வேண்டுமென்றே தூவும் நுண் இரைச்சல்) சேர்த்தால், இவ்வளவு பாடுபட்டு நீக்கிய இரைச்சலுக்கு ஈடாக எத்தனை பிட் மறுபடி செலவாகும் என்பதை அடுத்து அளக்கப் போகிறேன்.