பச்சரிசி மாவு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் செவிலியர் வேலை எனக்கு. கேரளம்தான், ஆனாலும் நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் கொங்குத் தமிழ்தான் பேச்சு.

மறதி நோய் உள்ளவர்களுக்குப் படம் வரையக் கொடுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சரி என்று மறதி நோய் உள்ள ஓர் ஆத்தா வீட்டுக்குக் கலர் பென்சிலும் குழந்தைகள் படப் புத்தகமும் வாங்கிப் போனேன். அந்த ஆத்தா ஆயுசு முழுக்கக் காடுகரை பார்த்தவர். பென்சிலைத் தொடவே இல்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரைச் சின்னப் பிள்ளையாக்கிவிட்டோமே என்று வழியெல்லாம் உறுத்தியது.

அடுத்த வாரம் கோலப்பொடி கொண்டுபோனேன். இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது கல்லு மாவு கண்ணு, எறும்பு திங்காது" என்றார். மகள் உள்ளே போய்ப் பச்சரிசி மாவு எடுத்து வந்தார்.

குந்த முடியாது என்பதால் திண்ணை முன்னால் முக்காலி போட்டு உட்காரவைத்தோம். ஐந்து புள்ளி வரிசையில் ஆறு வைத்தார். சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். இழை இழுக்கத் தொடங்கியதும் கை தானாகப் போயிற்று. விரலிடுக்கில் மாவு அறுபடாமல் இறங்கியது. அந்த ஆறாவது புள்ளியையும் ஒரு சுழியில் வளைத்துச் சேர்த்துக்கொண்டார்.

அல்சைமர் என்னும் மறதி நோயில் முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ், மூளையில் புதியதைப் பதியவைக்கும் பகுதி. கை பழகிய வேலைகள் சிறுமூளை போன்ற வேறு பகுதிகளை நம்பியிருப்பதால் வெகுநாள் தாங்கும். 2015இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வு ஒன்று வந்தது. 85 வயது தாண்டிய 256 பேரில், நடுவயதிலும் முதுமையிலும் ஓவியம், சிற்பம் என்று ஈடுபட்டவர்களுக்கு லேசான அறிதிறன் குறைபாடு, அதாவது நினைவும் யோசனையும் சற்றுத் தளர்வது, வரும் வாய்ப்பு 73 சதவீதம் குறைவாக இருந்ததாம். கலைதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நோய் வந்துவிட்டவர்களைப் பற்றியதும் அல்ல. ஆத்தாவுக்கு மறதி குறையும் என்று மகளிடம் நான் சொல்லவில்லை. அந்த அரை மணி நேரம் அவர் யாரிடமும் "வீட்டுக்குப் போகணும்" என்று கேட்கவில்லை. எனக்கு அது பெரிது.

அப்புறம், "ஞாபகம் இருக்கா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். அது அவர்களுக்குப் பரீட்சை.

டீ குடித்து முடிப்பதற்குள் கோலம் போட்டதையே மறந்துவிட்டார். திண்ணையைப் பார்த்து, "யாரு கண்ணு போட்டது? ஒரு இழை விட்டுப்போச்சு பாரு" என்றார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மாவை எடுத்தார்.