ரெண்டு சர்ச்சில், ஒரே பேரு

வின்ஸ்டன் சர்ச்சில்னு ரெண்டு பேர் ஒரே காலத்துல இருந்தாங்கன்னு தெரிஞ்சப்போ முதல்ல நம்பவே இல்ல. ஒருத்தர் நமக்கெல்லாம் தெரிஞ்ச பிரிட்டிஷ் பிரதமர், 1874ல பொறந்தவர். இன்னொருத்தர் 1871ல பொறந்த அமெரிக்க நாவலாசிரியர், அந்தக் காலத்துல செம ஃபேமஸ், பிரிட்டிஷ்காரரை விட இவரைத்தான் அங்க நிறைய பேருக்குத் தெரியும். 1899ல நம்ம பிரிட்டிஷ்காரருக்கு "உங்க நாவல் அருமை"ன்னு பாராட்டு வருது, அவரும் தான் எழுதின கதையைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சுட்டு இருந்திருக்கார், பாவம், அப்புறம்தான் விஷயம் புரிஞ்சு அமெரிக்கருக்கு லெட்டர் போட்டார், இனிமே நான் 'வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்'னு கையெழுத்து போட்டுக்கறேன்னு. அவரு பதில் இன்னும் சூப்பர், எனக்கு நடுப்பேரே கிடையாது, இருந்தா நானும் போட்டிருப்பேன்னுட்டார். கூத்து என்னன்னா அந்த அமெரிக்கரும் அரசியலுக்கு வந்து நியூ ஹாம்ப்ஷயர் சட்டசபையில உக்காந்தார், 1906ல கவர்னர் ஆகப் பாத்தார், நடக்கல. ரெண்டு பேருமே ஓவியம் வேற வரைவாங்க! கடைசியில 1953ல இலக்கிய நோபல் வாங்கினது அரசியல்வாதிதான், நாவலாசிரியர் 1947லயே போய்ட்டார். இப்போ அவரைப் பத்திச் சொல்றப்போ "அந்த சர்ச்சில் இல்லங்க"ன்னு ஆரம்பிக்க வேண்டியிருக்கு.

மார்ட்டின் லூதர் கிங் கதை வேற மாதிரி, அது தற்செயல் இல்ல. 1929ல பொறந்தப்போ அவர் பேரு மைக்கேல். பாஸ்டரா இருந்த அப்பா 1934ல ஜெர்மனி போய்ட்டு வந்து, 16ஆம் நூற்றாண்டு பாதிரியார் மார்ட்டின் லூதர் ஞாபகமா தன் பேரையும் பையன் பேரையும் மாத்திட்டார். இன்னிக்கும் தேடுறப்போ லூதர்னு மட்டும் அடிச்சா ரெண்டு பேருமே வந்து நிக்கறாங்க.